மெம்பிரேன் மீது பழி போடும் முன் நான்கு எண்கள்

எங்கள் ஆர்.ஓ. இயந்திரத்தின் தொட்டி நிரம்ப வழக்கத்தைவிட இரண்டு மடங்கு நேரம் பிடிக்க ஆரம்பித்தது. தண்ணீரிலும் லேசாகக் கரிப்பு தட்டியது. சர்வீஸுக்கு வந்தவர் குழாயைத் திறந்து ஒரு டம்ளர் பிடித்தார், டி.டி.எஸ்., அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவைக் காட்டும் மீட்டரை முக்கினார், 170 என்று காட்டியது. முந்தைய சர்வீஸின்போது அதே குழாயில் 90 இருந்தது. "மெம்பிரேன் போயிடுச்சுங்க, எல்லா ஃபில்டரையும் சேர்த்து மாத்திடலாம்" என்றார். மெம்பிரேன் என்றால் தண்ணீரைக் கடக்கவிட்டு உப்பைத் தடுக்கும் சவ்வு. பார்த்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். மீட்டர் காட்டிய எண்ணில் எனக்குச் சந்தேகம் இல்லை. அந்த ஒரு எண்ணிலிருந்து அந்த முடிவுக்கு வர வழியில்லை என்பதுதான் என் தயக்கம்.

குழாயில் வரும் தண்ணீரின் டி.டி.எஸ்.ஸை மட்டும் வைத்துக்கொண்டு ஆர்.ஓ. இயந்திரத்தில் எது கெட்டிருக்கிறது என்று சொல்ல முடியாது. நான்கு எண்கள் வேண்டும். உள்ளே வரும் தண்ணீரின் டி.டி.எஸ்., மெம்பிரேனிலிருந்து நேராக வெளிவரும் தண்ணீரின் டி.டி.எஸ்., நிமிடத்துக்கு எவ்வளவு நல்ல தண்ணீர் வருகிறது, நிமிடத்துக்கு எவ்வளவு கழிவுத் தண்ணீர் போகிறது. இயந்திரம் நன்றாக ஓடும் காலத்திலேயே இவற்றை அளந்து ஒரு நோட்டில் எழுதி வைத்துவிட்டால், பிறகு பழுது வரும்போது பாதி வேலை ஸ்பேனரைத் தொடும் முன்பே முடிந்துவிடும். மெம்பிரேன் புதிதாகப் போட்டபோது எழுதி வைத்த எண்கள் என்னிடம் இருந்தன. அவற்றை வைத்துத்தான் இந்தப் பழுதைத் தேடினேன்.

முதலில் இயந்திரத்தின் அமைப்பு. சுவரில் மாட்டும் சாதாரண வகைதான். தண்ணீர் முதலில் வெளியே தனிக் கிண்ணத்தில் இருக்கும், சேற்றைப் பிடிக்கும் 5 மைக்ரான் ஸ்பன் ஃபில்டர் வழியாக வரும். அடுத்து குளோரினை நீக்கும் கார்பன் ஃபில்டர். அடுத்தது சொலினாய்டு வால்வு. மின்சாரம் கிடைக்கும்போது மட்டும் திறக்கும். அப்புறம் 24 வோல்ட் பூஸ்டர் பம்பு, அதிலிருந்து மெம்பிரேன். மெம்பிரேன் கூட்டிலிருந்து இரண்டு டியூப் வெளியே வரும். ஒன்றில் நல்ல தண்ணீர், இன்னொன்றில் கழிவு. கழிவு டியூபில் ஃப்ளோ ரெஸ்ட்ரிக்டர் என்ற சிறிய பாகம் இருக்கும். அது கழிவு வெளியேறுவதை நெரித்துப் பிடிப்பதால்தான் மெம்பிரேனுக்குள் அழுத்தம் உண்டாகிறது. மெம்பிரேன் 75 ஜி.பி.டி. ரகம், அதாவது நாளொன்றுக்கு 75 அமெரிக்க கேலன். கணக்குப் போட்டால் சுமார் 284 லிட்டர், நிமிடத்துக்கு 200 மில்லிக்குச் சற்றுக் கீழே. உங்கள் இயந்திரத்தில் வரிசை வேறாக இருக்கலாம், பம்புக்குப் பிறகு கார்பன் வைத்திருப்பார்கள். தேடும் முறை அதனால் மாறாது.

அளப்பதற்கு ஒரு டி.டி.எஸ். மீட்டர், மில்லி கோடு போட்ட ஒரு ஜாடி, கைபேசியில் ஸ்டாப்வாட்ச் போதும். ஆனால் இயந்திரத்தைப் போட்டவுடனே அளக்கக் கூடாது. இயந்திரம் நின்றிருக்கும் நேரத்தில் அழுத்தம் இருக்காது, ஆனால் மெம்பிரேனின் அழுக்குப் பக்கத்திலிருந்து சுத்தப் பக்கத்துக்கு உப்பு மெல்ல ஊர்ந்துகொண்டே இருக்கும். அதனால் மறுபடி ஓட ஆரம்பிக்கும்போது வரும் முதல் தண்ணீரின் டி.டி.எஸ். எப்போதுமே அதிகம். பத்து நிமிடம் ஓடவிட்டு அளந்தால்தான் உண்மை தெரியும். தொட்டி நிரம்பி இயந்திரம் நின்றிருந்தால், தொட்டிக்குப் போகும் டியூபைக் கழற்றி வாளியில் விட்டு, மிதவையைக் கையால் இறக்கி ஓடவிடுவேன்.

இன்னொரு முக்கியமான விஷயம், எந்த இடத்தில் அளக்கிறோம் என்பது. பல இயந்திரங்களில் டி.டி.எஸ். கன்ட்ரோலர் என்று ஒரு சிறிய திருகு இருக்கும். பெயரைக் கேட்டால் ஏதோ நுட்பமான கருவி போலத் தோன்றும். அது செய்வது ஒன்றே ஒன்றுதான்: மெம்பிரேனுக்குப் போகாமல் சுற்றிக்கொண்டு வரும் தண்ணீரில் கொஞ்சத்தை நல்ல தண்ணீரோடு கலக்கிறது. ஆகவே குழாயில் அளக்கும் எண், கலவையின் எண். மெம்பிரேனைப் பற்றித் தெரிய வேண்டுமென்றால் மெம்பிரேன் கூட்டின் நல்ல தண்ணீர் டியூபை அங்கேயே கழற்றிப் பிடித்து அளக்க வேண்டும். சர்வீஸுக்கு வந்தவர் குழாயில் அளந்தது இந்தக் காரணத்தால்தான் எனக்குப் போதவில்லை.

நோட்டில் இருந்த பழைய எண்கள்: உள்வரும் தண்ணீர் 850, மெம்பிரேன் தண்ணீர் 44, நல்ல தண்ணீர் நிமிடத்துக்கு 190 மில்லி, கழிவு 480 மில்லி. இப்போது அளந்தவை: உள்வருவது அதே 850, மெம்பிரேன் தண்ணீர் 82, நல்ல தண்ணீர் 90 மில்லி, கழிவு 230 மில்லி.

மெம்பிரேன் எத்தனை சதவீதம் உப்பைத் தடுக்கிறது என்பதை எளிதாகக் கணக்கிடலாம். உள்வரும் எண்ணிலிருந்து வெளிவரும் எண்ணைக் கழித்து, உள்வரும் எண்ணால் வகுத்து, நூறால் பெருக்கினால் ஆயிற்று. முன்பு 95 சதவீதத்துக்குப் பக்கம். இப்போது 90. குறைந்திருக்கிறது, சந்தேகமில்லை. இந்த எண்ணோடு நின்றிருந்தால் நானும் மெம்பிரேன் மாற்றியிருப்பேன். ஆனால் மற்ற இரண்டு எண்களைப் பாருங்கள். நல்ல தண்ணீர் பாதிக்கும் கீழே. கழிவும் பாதிக்கும் கீழே. இரண்டும் ஒரே விகிதத்தில் குறைந்திருக்கின்றன.

மெம்பிரேனில் உப்புப் படிந்து அடைத்திருந்தால் நல்ல தண்ணீர் குறையும், கழிவு ஏறக்குறைய அப்படியே போய்க்கொண்டிருக்கும். மெம்பிரேன் கிழிந்தோ, கசியாமல் அடைக்கும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் விட்டுப்போயோ இருந்தால் டி.டி.எஸ். ஏறும், நல்ல தண்ணீரின் அளவு குறையாது, கூடக் கூடும். ஃப்ளோ ரெஸ்ட்ரிக்டர் அடைத்திருந்தால் கழிவு மட்டும் சொட்டுச் சொட்டாக வரும். இரண்டும் சேர்ந்து குறைந்தால் ஒரே அர்த்தம்தான்: மெம்பிரேனுக்கு வந்து சேரும் தண்ணீரே போதவில்லை. அடைப்பு மெம்பிரேனுக்கு முன்னால் எங்கோ இருக்கிறது, அல்லது பம்பு தளர்ந்திருக்கிறது.

அப்படியானால் டி.டி.எஸ். ஏன் ஏறியது? ஆர்.ஓ. பற்றிப் பலருக்குத் தெரியாமல் இருப்பது இதுதான், கொஞ்சம் நின்று சொல்கிறேன். தண்ணீர் மெம்பிரேனைக் கடக்கும் வேகம் அழுத்தத்தைப் பொறுத்தது. அழுத்தம் பாதியானால் தண்ணீரும் ஏறக்குறைய பாதி. உப்பு கடக்கும் வேகமோ அழுத்தத்தைப் பெரிதாகப் பொருட்படுத்தாது. இரண்டு பக்கமும் உள்ள உப்பின் அடர்த்தி வித்தியாசம்தான் அதைத் தள்ளுகிறது. அழுத்தம் குறைந்த மெம்பிரேனில் அதே அளவு உப்பு, பாதி அளவு தண்ணீரில் வந்து சேர்கிறது. டி.டி.எஸ். இரட்டிப்பாகத்தான் செய்யும். 44 என்பது 82 ஆனதற்கு மெம்பிரேன் கெட்டிருக்க வேண்டிய அவசியமே இல்லை. குழாயில் 170 வந்ததற்கும் இதுவே விளக்கம். கன்ட்ரோலர் வழியாக வரும் பச்சைத் தண்ணீர், அதாவது மெம்பிரேனைக் கடக்காத தண்ணீர், பழைய அளவில் வந்துகொண்டிருக்க, அதோடு கலக்கும் நல்ல தண்ணீர் பாதியாகிவிட்டது. கலவையில் பச்சைத் தண்ணீரின் பங்கு தானாகவே ஏறிவிட்டது.

அடைப்பைத் தேடியது

பம்பின் சத்தத்திலேயே ஒரு குறிப்பு இருந்தது. நன்றாக ஓடும் பம்பு ஒரே சீராக, கனமாக உறுமும். இது மெலிந்த குரலில், நடுநடுவே தடதடத்துக்கொண்டு ஓடியது. உறிஞ்சத் தண்ணீர் போதாத பம்பு அப்படித்தான் ஓடும். பம்புக்குள் போகும் டியூபைத் தொட்டுப் பார்த்தால் லேசாக உள்ளே சப்பியிருந்தது. பம்பு இழுக்கிறது, வரத்து இல்லை.

சரி, வரிசையாக ஒவ்வொரு கட்டத்துக்குப் பின்னாலும் டியூபைக் கழற்றி, நிமிடத்துக்கு எவ்வளவு வருகிறது என்று வாளியில் பிடித்தேன். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, இயந்திரத்துக்குத் தண்ணீர் வரும் குழாயை மூடிவிட்டுத்தான் ஒவ்வொரு டியூபாகக் கழற்ற வேண்டும். இந்தப் புஷ் கனெக்டர்களை இழுத்துப் பிடுங்கக் கூடாது. டியூபைச் சுற்றி இருக்கும் சின்ன வளையத்தை உள்பக்கமாக அழுத்திப் பிடித்துக்கொண்டு இழுத்தால் டியூப் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். நீல நிற லாக் கிளிப் இருந்தால் முதலில் அதை எடுக்க வேண்டும்.

நேராக வரும் குழாயில் நிமிடத்துக்கு 3 லிட்டர். ஸ்பன் ஃபில்டருக்குப் பின் முக்கால் லிட்டருக்கு மேல், ஒரு லிட்டருக்குக் கீழே. கார்பனுக்குப் பின் ஏறக்குறைய அதே அளவு. சொலினாய்டு வால்வு மின்சாரம் இல்லாமல் திறக்காது. அதனால் பம்பின் இணைப்பு ஒயரை மட்டும் விலக்கிவிட்டு, கை ஈரமில்லாமல் துடைத்துக்கொண்டு, டியூபின் நுனியை வாளிக்குள் கட்டிவைத்து, பிளக்கைப் போட்டேன். வால்வுக்குப் பின் கால் லிட்டர்தான். ஆக ஒரு அடைப்பு இல்லை, இரண்டு. ஸ்பன் ஒன்று, வால்வு ஒன்று.

ஸ்பன் கிண்ணத்தைத் திறந்தபோது ஆச்சரியம் எதுவும் இல்லை. வெளிப்புறம் செம்பழுப்பாக, வழவழவென்று ஒரு பூச்சு. கத்தியால் குறுக்கே அறுத்துப் பார்த்தேன், பாதி தடிமன் வரை நிறம் இறங்கியிருந்தது. ஸ்பன்னைக் கழுவித் தேய்த்து மறுபடி போடுகிறவர்கள் இருக்கிறார்கள். மேலே உள்ள சேறு போகும், நூலிழைகளுக்குள் சிக்கியது போகாது. மொத்த இயந்திரத்திலும் விலை குறைந்த பாகம் இதுதான், இதில் மிச்சம் பிடிக்க நினைப்பது எனக்குப் புரியவில்லை. கிண்ணத்தின் உள்சுவரை மென்மையான பிரஷ்ஷால் கழுவி, ஓ-ரிங்கைத் துடைத்து, அது உட்காரும் பள்ளத்தில் மணல் துகள் இல்லையா என்று விரல் நுனியால் ஒரு சுற்று தடவிப் பார்த்து, உணவுக்கு ஏற்ற சிலிகான் கிரீஸ் துளி தடவிப் போட்டேன். வாஸ்லின் வேண்டாம், பெட்ரோலியப் பொருள் பல ரப்பர்களை ஊறி உப்பவைக்கும். கிண்ணத்தைக் கையால் இறுக்கி, ரெஞ்சால் ஒரு கால் சுற்று போதும். பலம் முழுவதையும் போட்டுத் திருகினால் ஓ-ரிங் நசுங்கும், அங்கேதான் பிறகு கசியும்.

புது ஸ்பன் போட்டதும் கார்பனுக்குப் பின் வரும் அளவு இரண்டு லிட்டருக்குப் பக்கம் ஏறியது. வால்வுக்குப் பின் இன்னும் அரை லிட்டரைத் தாண்டவில்லை. ஸ்பன்னை மட்டும் மாற்றிவிட்டு மூடியிருந்தால் பிரச்சினை பாதிதான் தீர்ந்திருக்கும், பழி மறுபடி மெம்பிரேன் மீதுதான் விழுந்திருக்கும்.

சொலினாய்டு வால்வின் நுழைவாயில் எல்போவைக் கழற்றினால் உள்ளே விரல் நகம் அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் வலை இருக்கும். தண்ணீரோடு வரும் துகள் வால்வுக்குள் போய் அது மூடாமல் போகக் கூடாது என்பதற்காக வைத்தது. மூக்கு நீண்ட இடுக்கியால் மெல்லத் திருகி இழுத்தேன். வலையின் கண்களே தெரியவில்லை. மை போன்ற கறுப்புச் சகதி கெட்டியாக அப்பியிருந்தது. கார்பன் ஃபில்டரிலிருந்து கழன்று வந்த நுண்தூள். பழைய டூத் பிரஷ்ஷால் ஓடும் தண்ணீரில் தேய்த்ததும் வெள்ளை வலை தெரிந்தது. திரும்பப் பொருத்தி ஓடவிட்டேன், ஒன்றரை லிட்டருக்கு மேல் கொட்டியது. எந்த சர்வீஸ் அட்டையிலும் இந்த வலையைப் பற்றி ஒரு வரி நான் பார்த்ததில்லை. மாற்ற வேண்டிய பாகம் இல்லையே, அதனால் யாருக்கும் நினைவு வருவதில்லை போலும்.

இதே வால்வுக்கு இன்னொரு சோதனை உண்டு, செய்து பார்க்க நொடிதான் ஆகும். இயந்திரத்தின் சுவிட்சை அணைத்துவிட்டு கழிவு டியூபைப் பாருங்கள். சில நொடிகளில் நின்றுவிட வேண்டும். விடாமல் ஓடிக்கொண்டிருந்தால் வால்வு சரியாக மூடவில்லை, யாரும் குடிக்காத நேரத்திலும் தண்ணீர் வீணாகிக்கொண்டிருக்கிறது. எங்களுடையது உடனே நின்றது.

கார்பனும் அது காக்கும் மெம்பிரேனும்

வலையில் கார்பன் தூள் இருந்ததால் கார்பனையும் மாற்றிவிட முடிவெடுத்தேன். அளந்து பார்த்துத் தீர்மானிக்க வேண்டும் என்று இவ்வளவு சொன்னவன், கார்பனை மட்டும் காலக்கணக்கில்தான் மாற்றுகிறேன். அதற்குக் காரணம் இருக்கிறது. ஸ்பன் அடைத்தால் வரத்து குறைந்து தெரிந்துவிடும். கார்பன் தீர்ந்துபோனால் எதுவுமே வெளியே தெரியாது. தண்ணீர் தாராளமாக வரும், டி.டி.எஸ். மாறாது, குளோரின் மட்டும் சத்தமில்லாமல் மெம்பிரேனுக்குப் போய்க்கொண்டிருக்கும்.

குளோரினுக்கு மெம்பிரேன் ஏன் பயப்பட வேண்டும் என்பதற்கு ஒரு சிறு வரலாறு உண்டு. 1960ஐ ஒட்டி கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் சிட்னி லோப்பும் சீனிவாச சௌரிராஜனும் உருவாக்கிய, நடைமுறைக்கு உதவும் முதல் ஆர்.ஓ. சவ்வு செல்லுலோஸ் அசிட்டேட்டால் ஆனது. அது ஓரளவு குளோரினைத் தாங்கும். 1970களில் ஜான் கடாட் கொண்டுவந்த மெல்லிய பாலிஅமைடு அடுக்குதான் இன்று ஏறக்குறைய எல்லா வீட்டு இயந்திரங்களிலும் இருக்கிறது. குறைந்த அழுத்தத்தில் நிறைய தண்ணீர், உப்பையும் நன்றாகத் தடுக்கும். ஆனால் குளோரின் பட்டால் அந்த அடுக்கு வேதியியல் ரீதியாகவே சிதையும், கழுவியோ ஊறவைத்தோ மீட்க முடியாது. குளோரின் கலந்து வரும் குழாய்த் தண்ணீர் வீட்டில் கார்பன்தான் மெம்பிரேனின் உயிர். ஐயம் இருந்தால் நீச்சல் குளத்துக்குப் பயன்படுத்தும் குளோரின் சோதனைச் சொட்டு மருந்தால், கார்பனுக்குப் பின் வரும் தண்ணீரைப் பார்த்துவிடலாம். நிறமே வரக் கூடாது. நிலத்தடி நீரை நேராக எடுப்பவர்களுக்கு இந்தக் கவலை குறைவு, அவர்களுக்கு உப்புப் படிவுதான் எதிரி.

புதுக் கார்பனைப் பொருத்தியவுடன் வால்வோடு இணைக்கவே கூடாது. அதன் வெளிவாயை வாளியில் விட்டு, தண்ணீர் கறுப்பாக வருவது நின்று கண்ணாடி போல் தெளியும் வரை ஓடவிட வேண்டும். முதல் ஜாடி சாம்பல் கரைத்த மாதிரி வந்தது. கவனித்துப் பார்த்தால் தெளிந்த பிறகும் ஜாடியின் அடியில் மெல்லிய கறுப்பு வண்டல் கொஞ்ச நேரம் படிந்துகொண்டிருக்கும். அதுவும் நிற்கும் வரை விட்டேன். அந்த வலையை அடைத்தது இப்படிக் கழுவாமல் போட்ட பழைய கார்பனின் தூளாகத்தான் இருக்க வேண்டும். ஃபில்டரின் உடலில் அம்புக்குறி போட்டிருப்பார்கள், அது தண்ணீர் ஓடும் திசை. மாற்றிப் போட்டால் தூள் இன்னும் அதிகம் வரும்.

யாரும் அளக்காத கழிவு

இயந்திரத்தைத் திறந்ததுதான் திறந்தோம், கழிவுப் பக்கத்தையும் பார்த்தேன். நான்கு எண்களில் மிகவும் புறக்கணிக்கப்படுவது கழிவின் அளவுதான். கழிவைக் குறைத்தால் தண்ணீர் மிச்சம் என்று ரெஸ்ட்ரிக்டரை மாற்றுகிறவர்களையும், கழிவு டியூபில் குழாய் வைத்து இறுக்குகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். தண்ணீர் வீணாவது எனக்கும் மனம் ஆறாத விஷயம். ஆனால் கணக்கைப் பாருங்கள். உள்ளே போகும் தண்ணீரில் கால் பங்கு நல்ல தண்ணீராகப் பிரிந்தால், மிச்சம் உள்ள முக்கால் பங்கில் மொத்த உப்பும் சேர்ந்து அடர்த்தி 1.33 மடங்கு ஆகிறது. பாதி பிரித்தால் 2 மடங்கு. முக்கால் பங்கு பிரித்தால் 4 மடங்கு. எங்கள் 850, மெம்பிரேனின் கடைசிப் பகுதியில் 3,400 ஆகிவிடும். கடினநீரில் உள்ள கால்சியம் அந்த அடர்த்தியில் கரைந்தே இருக்காது, சுண்ணாம்பாகச் சவ்வின் மேல் படியும்.

இதில் கொடுமை என்னவென்றால், கழிவு அடைபடும் காலத்தில் இயந்திரம் முன்னைவிட நன்றாக ஓடுவது போலவே தெரியும். உள்ளே அழுத்தம் ஏறுவதால் நல்ல தண்ணீர் கூடும், கழிவு குறையும், வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. சில வாரத்தில் நல்ல தண்ணீரும் படுத்துவிடும். அதனால் கழிவின் எண் இறங்கும்போது நல்ல தண்ணீரின் எண் ஏறினால் உடனே ரெஸ்ட்ரிக்டரைத்தான் பார்க்க வேண்டும். அதை ஊதியும் குத்தியும் சரிசெய்ய முயல வேண்டாம், புதிது போட்டுவிடுங்கள், மெம்பிரேனோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை. தண்ணீரை மிச்சம் பிடிக்கச் சரியான வழி, கழிவைப் பிடித்து வைத்துப் பயன்படுத்துவது. தரை துடைக்க, கழிப்பறையில் ஊற்ற, அழுக்குத் துணியை முதல் தடவை அலச நன்றாகவே உதவும். செடிக்கு ஊற்றுவதென்றால் டி.டி.எஸ். பார்த்துக்கொள்ளுங்கள், எங்களுடையது 1,200ஐத் தொடுகிறது, அதனால் தொட்டிச் செடிக்கு நான் ஊற்றுவதில்லை.

சுண்ணாம்பு படிந்த மெம்பிரேனை சிட்ரிக் அமிலத்தில் ஊறவைத்து மீட்கலாமா என்று கேட்பார்கள். ஓரளவுக்கு முடியும். லிட்டருக்கு 20 கிராம், அதாவது 2 சதவீதக் கரைசல், வெந்நீர் வேண்டாம். ஆரம்பக் கட்டப் படிவுக்கு நல்ல பலன் தரும், கல்லாக இறுகிவிட்டதற்குப் பலன் குறைவு. குளோரினால் கெட்ட மெம்பிரேனுக்கு ஒரு பயனும் இல்லை. இந்த முறை அதற்குத் தேவையே வரவில்லை. மெம்பிரேன் கூட்டை நான் திறக்கவும் இல்லை. ஓடிக்கொண்டிருக்கும் மெம்பிரேனைச் சும்மா வெளியே எடுத்துப் பார்ப்பதால் ஓ-ரிங் நகர்வதைத் தவிர ஒன்றும் நடக்காது. புதிது போடுகிறவர்கள் மட்டும் கவனிக்க: இரண்டு சிறிய ஓ-ரிங் இருக்கும் முனை முதலில் உள்ளே போக வேண்டும், தடித்த ரப்பர் வளையம் இருக்கும் முனை மூடிப் பக்கம். உள்ளே போனதும் கட்டைவிரலால் அழுத்தினால், ஓ-ரிங் தன் இடத்தில் இறங்குவது விரலுக்குத் தெரியும். பதப்படுத்தும் வேதிப்பொருளோடு வருவதால் முதல் தொட்டித் தண்ணீரை முழுவதும் கொட்டிவிட வேண்டும்.

தொட்டி வேலை சீக்கிரம் முடிந்தது. ஆர்.ஓ. தண்ணீரில் குளோரின் இருக்காது, அதனால் தேங்கி நிற்கும் இடத்தில் கிருமிகள் படலம் கட்ட வசதி. தொட்டிச் சுவரை விரலால் தேய்த்தால் வழுக்கினால் அதுதான் அர்த்தம். தொட்டிக்கு வரும் டியூபைக் கழற்றி ஒதுக்கிவிட்டு, வாசனை சேர்க்காத சாதாரண பிளீச்சை லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி கலந்து, சுவர், மூடி, மிதவை எல்லாம் நனையத் தடவி, குழாய் வழியாகவும் கொஞ்சம் வடியவிட்டு, சில நிமிடம் கழித்து வாசனை போகும் வரை அலசினேன். அந்தக் கரைசல் ஒரு சொட்டும் மெம்பிரேன் பக்கம் போகக் கூடாது. சிட்ரிக் அமிலமும் பிளீச்சும் ஒரே நாளில் பயன்படுத்தினால் இரண்டையும் ஒரே வாளியில் கலந்துவிடாதீர்கள், நச்சு வாயு வரும். கிருமியைக் கொல்ல இயந்திரத்தில் வைக்கும் யு.வி. (புற ஊதா) விளக்கு நீலமாக ஒளிர்கிறது என்பதால் வேலை செய்கிறது என்று நம்ப முடியாது. கிருமியைக் கொல்லும் கதிர் கண்ணுக்குத் தெரியாதது, விளக்கு எரிந்துகொண்டே அதன் வலு குறைந்துவிடும். பெட்டியில் போட்டிருக்கும் மணிக்கணக்குப்படி மாற்றுவதே சரி.

டி.டி.எஸ். கன்ட்ரோலரை முழுவதும் மூடிவிட்டேன். ஆர்.ஓ. வைப்பதே ஆர்சனிக், ஃபுளோரைடு, நைட்ரேட் போன்ற கரைந்த பொருள்களுக்காகவும்தான். பச்சைத் தண்ணீரைக் கலந்தால் அவையும் சேர்ந்தே கலக்கும், யு.வி. அவற்றை ஒன்றும் செய்யாது. ருசிக்காகத் தாது வேண்டுமென்றால் அதற்கான கார்ட்ரிட்ஜை நல்ல தண்ணீர் வழியில் போடலாம். டி.டி.எஸ்.ஸுக்கென்று உடல்நல வரம்பு எதையும் உலக சுகாதார நிறுவனம் வைக்கவில்லை. 600க்குக் கீழே ருசி நன்றாக இருக்கும், 1,000க்கு மேல் போகப்போகக் குடிக்கப் பிடிக்காது என்று மட்டும் சொல்கிறது. தண்ணீர் ஏற்கெனவே 200, 300 என்று வரும் வீட்டில், பரிசோதனையில் வேறு குறை எதுவும் இல்லையென்றால், ஆர்.ஓ.வே தேவையா என்று முதலில் யோசிப்பது நல்லது.

எல்லாவற்றையும் மாட்டி, டியூப் நுனிகளை பிளேடால் நேராக வெட்டி முழு ஆழத்துக்கு அழுத்தி, ஒவ்வொரு இணைப்பின் மீதும் டிஷ்யூ தாளைச் சுற்றிவைத்து ஓடவிட்டேன். கண்ணுக்குத் தெரியாத கசிவும் தாளில் தெரிந்துவிடும். பத்து நிமிடம் கழித்து அளந்த எண்கள்: மெம்பிரேன் தண்ணீர் 50, நல்ல தண்ணீர் 160 மில்லி, கழிவு 440 மில்லி. தடுப்பு 94 சதவீதம். போய்விட்டது என்று சொல்லப்பட்ட அதே மெம்பிரேன்.

190 ஏன் திரும்பவில்லை என்றால், பெரும்பங்கு காரணம் குளிர். பழைய எண்களை எழுதியபோது தண்ணீரின் வெப்பநிலை 28 டிகிரி, இப்போது 22. ஒரு டிகிரி குறைந்தால் நல்ல தண்ணீர் ஏறக்குறைய 3 சதவீதம் குறையும், ஆறு டிகிரிக்கு 30 மில்லி குறைவது கணக்குக்குச் சரியாக வருகிறது. இனி நோட்டில் ஐந்தாவதாக வெப்பநிலைக்கும் ஒரு கட்டம் போட்டுவிட்டேன்.

வரத்தும் கழிவும் சரியாக இருக்கும்போதே தடுப்பு 85 சதவீதத்துக்குக் கீழே போனால் இந்த மெம்பிரேனை மாற்றுவேன். கழிவு அப்படியே இருக்க, வெப்பநிலையைக் கழித்த பிறகும் நல்ல தண்ணீர் 120க்கு இறங்கினால் சிட்ரிக் அமிலம். நல்ல தண்ணீரும் கழிவும் சேர்ந்து இறங்கினால் ஸ்பன், அதையடுத்து வால்வின் வலை.